இல்லாத மருந்தின் எடை

புதுச்சத்திரத்துக்கு மேற்கே நாலு கிலோமீட்டரில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் சென்னியப்பனுக்கு, ஐம்பத்தெட்டு வயதுவரை மூலக்கூறு என்று ஒன்று உலகத்தில் இருப்பது தெரியாது. தெரியாததால் அவருக்கு எந்தக் குறையும் வந்துவிடவில்லை. கோழிகள் முட்டை இட்டன. முட்டைகள் அட்டை அட்டையாக லாரி ஏறின. மூலக்கூறுகளும் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தன.

வளைகுடாவுக்கு முட்டை அனுப்பலாம் என்ற யோசனை வந்தபிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது. அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு, நாலு பேருமாக ஒரு கன்டெய்னருக்கு வேண்டிய நாலு லட்சத்து எழுபதாயிரம் முட்டைகளைச் சேகரித்துக் குளிர்கிடங்கில் அடுக்கிவிட்டார்கள். முட்டை இட்ட நாளிலிருந்து பதினெட்டு நாளுக்குள் சரக்கு கப்பல் ஏற வேண்டும் என்பது வாங்குகிறவர் விதித்த நிபந்தனை. "நீங்க முன்ன நில்லுங்க, நாங்க பின்னால இருக்கறமுங்க" என்றார்கள் மற்ற மூவரும். முன்னால் நிற்கிறவனுக்குத்தான் முதல் அடி என்பது சென்னியப்பனுக்கு அப்போது தோன்றவில்லை.

முட்டையில் குளோராம்பெனிகால் என்ற தடைசெய்யப்பட்ட மருந்து இல்லை என்று பரிசோதனைச் சான்று வேண்டும். நாமக்கல்லில் ஒரு தனியார் ஆய்வகத்தில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற பெரிய மிஷின் இருந்தது. மருந்தின் எடையை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் மிஷின் அது. முட்டையைக் கரைத்து அதற்குள் விட்டார்கள். மருந்து இல்லை என்று மிஷின் சொல்லிவிட்டது. அந்தச் சான்றைச் சேலத்தில் உள்ள மூலக்கூறு நிறை ஒப்புகை அலுவலகத்தில் காட்டி ஒரு முத்திரை வாங்கிவிட்டால் கன்டெய்னர் கிளம்பலாம். முட்டைக்கு ஐந்து நாள் வயதாகியிருந்தது. சென்னியப்பன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு திங்கட்கிழமை காலையில் சேலம் பஸ் ஏறினார்.

அலுவலகக் கண்காணிப்பாளர் முருகானந்தம் கடுகடுப்பான மனிதர் அல்ல. வந்தவரை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார், சான்றை வாங்கி ஒரு தடித்த புத்தகத்தின் பக்கத்தில் வைத்து விரலால் கோடு போட்டுப் படித்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து ஒரு வட்டம் போட்டார்.

"ஒண்ணு குறையுதுங்களே."

"பக்கமுங்களா?"

"எடை. எங்க அட்டவணை ஏழுல குளோராம்பெனிகால் எடை முந்நூத்தி இருபத்தி மூணு. உங்க சான்றுல முந்நூத்தி இருபத்தி ரெண்டுன்னு போட்டிருக்கு. அப்ப வேற எதையோ தேடியிருக்காங்க."

சென்னியப்பன் குனிந்து அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்தார். "ஏனுங்க, அந்த மருந்துதான் முட்டையில இல்லையேங்க. இல்லாததுக்கு எதுக்குங்க எடை?"

முருகானந்தம் புன்னகைத்தார். இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை போலும்.

"நல்லாக் கேட்டீங்க. இருந்திருந்தா ஒரு பிரச்சனையும் இல்லை, எடுத்துத் தராசுல வச்சுப் பாத்துக்கலாம். இல்லாத பொருளுக்குப் பேப்பர்ல மட்டும்தானே எடை இருக்கு? அந்தப் பேப்பரும் தப்பா இருந்தா நாங்க எதை நம்பறது, சொல்லுங்க?"

இதற்குப் பதில் சொல்லப் பத்தாம் வகுப்புப் படிப்பு போதாது என்று சென்னியப்பனுக்குப் பட்டது. எழுந்து கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்.

மறுநாள் ஆய்வகத்தில் அவரை எதிர்கொண்டவள் பிரவீனா. சான்றில் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். ராசிபுரத்துப் பெண், முப்பது வயதிருக்கும். சிவப்பு வட்டத்தைப் பார்த்ததும் அவள் முகமும் கொஞ்சம் சிவந்தது. ஆனாலும் பெரியவரிடம் கோபத்தைக் காட்டாமல், குளிர்பெட்டியிலிருந்து ஒரு சின்னச் சீசாவை எடுத்துவந்து காட்டினாள்.

"இதுதானுங்க அந்த மருந்து. மிஷினுக்கு அடையாளம் காட்டறதுக்கு வச்சிருக்கறம். லேபிளப் பாருங்க, முந்நூத்தி இருபத்தி மூணு புள்ளி ஒண்ணு மூணு. அவங்க புத்தகத்துல இருக்கறதும் இதுதான். இது சராசரிங்க."

"சராசரியா?"

"இந்த மருந்துல குளோரின்னு ஒரு சாமான் ரெண்டு இருக்குதுங்க. குளோரின்ல லேசானது ஒண்ணு, கனமானது ஒண்ணுன்னு ரெண்டு ரகம். நாலுல மூணு பங்கு லேசு, ஒரு பங்கு கனம். எல்லாத்தையும் கலந்து சராசரி போட்டா இருபத்தி மூணு வரும். ஆனா மிஷின் கலந்து பாக்காதுங்க, ஒவ்வொண்ணையும் தனித்தனியாப் பாக்கும். முழுக்க லேசான ரகத்துலயே ஆன மூலக்கூறுதான் பாதிக்கு மேல இருக்கும். அதோட எடை முந்நூத்தி இருபத்தி ரெண்டு புள்ளி பூஜ்யம் ஒண்ணு ரெண்டு மூணு. அதைத்தான் நாங்க எழுதினோம். உண்மையச் சொன்னா, முந்நூத்தி இருபத்தி மூணு புள்ளி ஒண்ணு மூணு எடையில ஒரு மூலக்கூறுகூட உலகத்துல கிடையாதுங்க."

சென்னியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை நேரம் காதில் விழுந்தது இப்போதுதான் மண்டைக்குள் இறங்கியது.

"அட அம்மிணி, இது நம்ம ஷெட்டுக் கணக்கில்ல? மூணாம் நம்பர் ஷெட்டு முட்டை சராசரி அம்பத்தி நாலரை கிராமுன்னு நோட்டுல எழுதறோம். அதுக்காக அம்பத்தி நாலரை கிராமுல ஒரு முட்டை எடுடான்னா எங்க போயி எடுக்கறது? அம்பது இருக்கும், அறுவது இருக்கும்."

"அதேதானுங்க!" பிரவீனா மேசையைத் தட்டினாள். நாலு வருஷமாக எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறாள். முதல்முறையாக ஒருவர் அவளுக்கே திருப்பி விளக்குகிறார். அந்த மகிழ்ச்சியில் அவள் ஒரு தவறு செய்தாள். எல்லாவற்றையும் ஒளிவுமறைவில்லாமல் ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்தாள். மிஷினுக்குள் போகும்போது மருந்து ஒரு ஹைட்ரஜனை இழந்துதான் மின்சாரம் ஏற்றிக்கொள்ளும், அதனால் திரையில் தெரிவது முந்நூற்று இருபத்தொன்று என்பதையும் சேர்த்து எழுதினாள்.

வியாழக்கிழமை. முட்டைக்கு எட்டு நாள். முருகானந்தம் கடிதத்தை இரண்டுமுறை படித்தார்.

"திங்கக்கிழமை ஒண்ணு குறைஞ்சுது. இன்னிக்கு ரெண்டு குறையுது. இப்படியே போனா கப்பல் ஏறறதுக்குள்ள மருந்தே இருக்காது போல."

"மருந்து முதல்லயே இல்லீங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன். இருக்கறது குறைஞ்சா சேதாரம்னு எழுதலாம். இல்லாதது குறைஞ்சா எங்க படிவத்துல அதுக்குக் கட்டமே கிடையாது. கள ஆய்வுக்குத்தான் போகணும்."

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு ஆய்வாளர் பச்சமுத்து ஆத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தார். பாவம், வயிற்றுக்கு ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்தார். சென்னியப்பனின் மனைவி ஆத்தாயி இரண்டு ஆம்லெட் போட்டுக் கொடுத்தாள். அவர் முடித்ததும் இன்னும் இரண்டு போட்டாள். பிறகு அவர் ஒரு படிவத்தை விரித்து, சங்கடத்தோடு கேட்டார்.

"குறைவு ஏற்பட்ட இடம்னு இருக்குதுங்க. எங்கன்னு போடட்டும்?"

"எங்களுக்கே தெரியலீங்களே."

"தேடிப் பாத்தேன்னு எழுதணுங்க. தேடாம எழுதினா தப்பு." நேர்மையான மனிதர். தீவன அறைக்குள் போனார், முட்டை தரம் பிரிக்கும் இடத்தில் குனிந்து பார்த்தார், கோழிக்கூண்டுகளுக்கு அடியிலும் டார்ச் அடித்தார். கோழிகள் கழுத்தைச் சாய்த்து அவரைக் கவனித்தன. திரும்பி வந்து கை கழுவினார்.

"அந்த ஹைட்ரஜன்னு எழுதியிருக்காங்களே, அது எப்படிங்க இருக்கும்?"

"கண்ணுக்குத் தெரியாதாமுங்க. காத்து மாதிரி."

"அப்பக் காத்துலதான் போயிருக்கும்" என்று பச்சமுத்து தெளிவடைந்தார். 'முழுமையாகத் தேடப்பட்டது. கிடைக்கவில்லை. காற்றில் கலந்திருக்கலாம்' என்று அழகான கையெழுத்தில் எழுதினார்.

அவர் போனபிறகு ஆத்தாயி கேட்டாள்: "என்னுங்க, அந்த மனுசன் எதையத் தேடினாரு?"

"நம்ம முட்டையில இல்லாத மருந்துல இல்லாமப் போன ஒண்ண."

ஆத்தாயி அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

காற்றில் கலந்தது என்று எழுதியதன் பலன் திங்கட்கிழமை தெரிந்தது. சென்னியப்பன் ஆய்வகத்தில் இருந்தபோது முருகானந்தம் அவரைப் போனில் அழைத்தார். ஒரு வாயு வெளியேறியிருப்பதாக அறிக்கை வந்திருக்கிறது. அந்த வாயுவால் அக்கம்பக்கத்தாருக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கிக் கொடுக்க வேண்டும். இந்தமுறை பிரவீனாவே போனை வாங்கினாள்.

"சார், மருந்தே இல்லாதபோது ஹைட்ரஜன் எங்கிருந்து சார் போகும்?"

"இல்லாத ஹைட்ரஜன்தான் போயிருக்கும்மா. இல்லாததா இருந்தாலும் போனது போனதுதானே?"

அவள் போனை அணைத்துச் சென்னியப்பனிடம் திருப்பிக் கொடுத்தாள். பிறகு சொன்னாள்: "இந்தக் கடுதாசியெல்லாம் வாங்கித் தீராதுங்க. புதன்கிழமை அவங்க குழுக் கூட்டம் இருக்குதாமுங்க, அங்கேயே பேசிக்கலாம். நானும் வாரேன்."

முழுமையாக்கக் குழு என்பது அதன் பெயர். புள்ளிக்குப் பின்னால் வரும் எண்களை என்ன செய்வது என்று முடிவெடுக்க அமைக்கப்பட்டது. தலைவர் இணை இயக்குநர் இளஞ்செழியன். நீண்ட மேசை, ஐந்து உறுப்பினர்கள், ஆளுக்கு ஒரு தட்டில் காராசேவு. முட்டைக்குப் பதினாலு நாள். இன்றோ நாளையோ முத்திரை விழாவிட்டால் நாலு லட்சத்து எழுபதாயிரமும் கப்பலைப் பார்க்காது. மற்ற மூன்று பண்ணைக்காரர்களும் காலையிலிருந்து மாறி மாறிப் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள். சென்னியப்பன் சட்டைப் பைக்குள் செல்போன் நடுங்கிக்கொண்டே இருந்தது.

பிரவீனா எழுந்து எல்லாவற்றையும் சொன்னாள். லேசு, கனம், சராசரி, மிஷின். இளஞ்செழியன் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"மிக அருமையான விளக்கம். அறிவியல் வளர வேண்டும் என்பதில் இந்த அலுவலகத்துக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அம்மா, மூலக்கூறு என்பது இன்று இருக்கும், நாளை சிதைந்துபோகும். அட்டவணை அப்படிப்பட்டது அல்ல. நான் இங்கே பதினொரு ஆண்டுகளாக இருக்கிறேன். இதுவரை ஒரு மூலக்கூறுகூட இந்தப் படியேறி வந்து, அட்டவணையில் என் எடை தவறு என்று புகார் சொன்னதில்லை. அப்படியானால் என்ன பொருள்? அவை ஒப்புக்கொண்டுவிட்டன என்று பொருள்."

உறுப்பினர்கள் தலையசைத்தார்கள். காராசேவு நொறுங்கும் ஓசை கேட்டது.

"இருந்தாலும் நாம் மனிதாபிமானம் உள்ளவர்கள். புள்ளிகளை முழுமையாக்கிப் பார்ப்போம். பொதுமக்கள் நலன் கருதி மேல்நோக்கி முழுமையாக்கலாம். முந்நூற்று இருபத்திரண்டு புள்ளி பூஜ்யம் ஒன்று. மேலே போனால் முந்நூற்று இருபத்து மூன்று. பொருந்திவிட்டது!"

சென்னியப்பனுக்கு உயிர் வந்தது. நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"ஐயா" என்று முருகானந்தம் மெல்லக் குறுக்கிட்டார். "விதி எல்லாத்துக்கும் பொதுங்க. அட்டவணையில இருக்கறது முந்நூத்தி இருபத்தி மூணு புள்ளி ஒண்ணு மூணு. அதையும் மேல்நோக்கிக் கொண்டுபோனா இருபத்தி நாலு ஆயிடுதுங்க."

அப்போதும் ஒன்று குறைந்தது.

"கீழ்நோக்கி?" என்றார் இளஞ்செழியன்.

"அது இருபத்தி ரெண்டு, இது இருபத்தி மூணு."

மறுபடியும் ஒன்று குறைந்தது. கணக்குப் பிரிவிலிருந்து வந்திருந்த அம்மையார் ஒருவர், இதுவரை வாயே திறக்காதவர், தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சான்றுல இருக்கறதை மேல ஏத்திட்டு, அட்டவணையில இருக்கறதைக் கீழ இறக்கினா ரெண்டும் இருபத்தி மூணு வருதுங்களே."

இளஞ்செழியன் அவரை வருத்தத்தோடு பார்த்தார். "ஒரே கூட்டத்தில் இரண்டு நீதியா? ஏற்றுவதென்றால் எல்லாரையும் ஏற்றுவோம். இறக்குவதென்றால் எல்லாரையும் இறக்குவோம். சமத்துவத்தை விட்டுவிட்டு எனக்கு ஒரு முடிவு வேண்டாம்."

அம்மையார் தலையைக் குனிந்துகொண்டார். மணி நாலே கால். சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே ஒரு பல்லி நகராமல் இருந்தது. சென்னியப்பனுக்குப் பதினாலு நாளும் சேர்ந்து தலைக்கு ஏறியது. கோபமா அழுகையா என்று அவருக்கே தெரியவில்லை. எழுந்து நின்று கும்பிட்டார்.

"சாமி, நான் படிக்காதவன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேனுங்க. என்ற முட்டையில முந்நூத்தி இருபத்தி ரெண்டு இல்லைன்னு இந்த அம்மிணி எழுதிக் குடுத்துருச்சு. அதுல உங்களுக்குச் சந்தேகமில்லையேங்க?"

"இல்லை."

"அப்ப மிச்சம் ஒண்ணுதானுங்களே தகராறு? என்ற முட்டையில அந்த ஒண்ணும் இல்லைன்னு நான் எழுதிக் குடுத்தர்றேனுங்க. அதும் இல்லை, இதும் இல்லை. ரெண்டையும் கூட்டிக்குங்க."

எரிச்சலில் சொன்னார், அவர்களுக்கு உறைக்கட்டும் என்றுதான் சொன்னார். ஆனால் இளஞ்செழியன் முகம் மலர்ந்தது. ஒரு தாளை இழுத்துத் தம் கையாலேயே கூட்டிப் பார்த்தார். முந்நூற்று இருபத்திரண்டு இல்லை. ஒன்று இல்லை. ஆக மொத்தம் முந்நூற்று இருபத்து மூன்று இல்லை.

"சரியாக வருகிறது" என்றார். "முருகானந்தம், முத்திரைத்தாள் கொண்டுவாருங்கள். இருபது ஆண்டு சேவையில் இவ்வளவு நேரான ஒரு குடிமகனை நான் சந்தித்ததில்லை."

'குறைவுபடும் ஒன்று என்னுடைய எந்த முட்டையிலும் எக்காலத்திலும் இருந்ததில்லை, இனியும் இருக்காது என உறுதி கூறுகிறேன்.' சென்னியப்பன் கையெழுத்துப் போட்டார். சாட்சியாகப் பிரவீனாவை அழைத்தார்கள்.

"நான் போடமாட்டேன் சார்" என்றாள் அவள். "மன்னிச்சுக்குங்க. அப்படி ஒரு ஒண்ணே கிடையாது. இல்லாத ஒண்ணு இல்லைன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

"நீங்கள் போட வேண்டியதே இல்லை" என்றார் இளஞ்செழியன் பெருந்தன்மையோடு. "இது அறிவியல் சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல."

வெளியே வந்ததும் சென்னியப்பன் அவள் முகத்தைப் பார்க்கக் கூசினார். "தப்புப் பண்ணிட்டனா அம்மிணி?"

"இல்லீங்க. நாலு பண்ணைக்காரங்க பிழைச்சீங்க" என்றாள். கொஞ்ச தூரம் நடந்தபிறகு, அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். பஸ் நிலையம்வரை சிரித்துக்கொண்டே வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டதும் சிரிப்பினால்தான் என்றாள்.

வியாழக்கிழமை முத்திரை விழுந்தது. வெள்ளிக்கிழமை கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பியது. சனிக்கிழமை கப்பல் ஏறியது. வாங்கியவர்கள் அந்த ஊரில் மறுபடியும் சோதித்துப் பார்த்தார்கள். மருந்து இல்லை என்று ஒரே வரியில் மின்னஞ்சல் அனுப்பினார்கள். அடுத்த சரக்கு எப்போது என்றும் கேட்டிருந்தார்கள்.

அதற்குள் சேலத்து அலுவலகம் சும்மா இருக்கவில்லை. சென்னியப்பனின் முத்திரைத்தாளைப் படி எடுத்து, படிவம் ஏழு-அ, 'குறைவு இல்லாமை உறுதிமொழி' என்று பெயர் வைத்து, இனி எல்லா மருந்துக்கும் இது கட்டாயம் என்று சுற்றறிக்கை விட்டார்கள். அந்தப் படிவத்தைச் சரிபார்க்க ஒரு தனிப் பிரிவும், பிரிவுக்கு மூன்று நாற்காலிகளும் அனுமதிக்கப்பட்டன.

இரண்டாவது சரக்குக்கு முன்னால் நின்றவர் சின்னுசாமி, நாலு பண்ணைக்காரர்களில் இளையவர். இந்தமுறை சோதிக்கச் சொன்னது ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற மருந்து. அதில் குளோரின் கிடையாது. சராசரி எடுத்தாலும் நானூற்று அறுபது, லேசான ரகத்தை எடுத்தாலும் நானூற்று அறுபது. அட்டவணையிலும் நானூற்று அறுபது. பிரவீனா சான்றைக் கையில் கொடுத்து, "இதுல ஒரு வம்பும் வராதுங்க" என்று தைரியம் சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் மத்தியானம் சின்னுசாமி பைக் எஞ்சினை அணைக்காமலேயே சென்னியப்பன் வாசலில் இறங்கினார். கையில் அந்தச் சான்று. மேலே சிவப்பு வட்டம். பக்கத்தில் முருகானந்தத்தின் குறிப்பு: 'குறைவு எதுவும் இல்லாததால் படிவம் ஏழு-அ நிரப்ப இயலவில்லை. உரிய குறைவுடன் மீண்டும் சமர்ப்பிக்கவும்.'

"ஏனுங் மாமா, இதென்னுங்க அநியாயம்? என்ற முட்டையில ஒரு தப்பும் இல்லீங்களே!"

சென்னியப்பன் குறிப்பை இன்னொருமுறை படித்தார். கொடியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்து உதறினார்.

"அதுதாஞ் சாமி தப்பாப் போச்சு" என்றார்.